கடல் காற்றுக்கும் பிளஸ் பிளஸ் உண்டா?

பிடோக்_வாசி | சனி, இரவு 11.48

தூக்கம் வரவில்லை. பில் சட்டைப் பையிலேயே இருக்கிறது, அதனால் இதை எழுதுகிறேன்.

ஊரிலிருந்து அம்மா சிங்கப்பூர் வந்திருக்கிறார். நாகப்பட்டினம் பக்கம். வந்து மூன்று வாரம் ஆயிற்று. தேக்கா, வீரமாகாளியம்மன் கோயில், பறவைப் பூங்கா எல்லாம் பார்த்தாயிற்று. இன்று சாயங்காலம் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் கடலை ஒட்டியிருக்கும் ஓர் உணவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பார் உள்ள இடம். பெயர் சொல்லப் போவதில்லை. என் மேலாளர் ஆபீசில் ஓயாமல் புகழ்கிற இடம், அதனால்தான் போனேன். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா.

சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்று ஆறரைக்கே போய் உட்கார்ந்தோம். கடலில் சூரியனையே காணோம். சரி, மேகம் என்று விட்டுவிட்டேன். அம்மாவுக்குச் சாதாரணத் தண்ணீர் கேட்டேன், போத்தல் தண்ணீர்தான் இருக்கிறது என்றார்கள். இரண்டு போத்தல், 14 வெள்ளி. அம்மா சாப்பிட்டது பொரித்த உருளைக்கிழங்கும் ஓர் எலுமிச்சைச் சாறும். பக்கத்து மேசையில் பத்துப் பேர், நடுவில் ஆளுயரத்துக்கு பீர் டவர். எட்டு மணிக்கு ஒருவர் கிட்டாரோடு பாட ஆரம்பித்தார். அம்மா என் காதருகே குனிந்து, "ஏம்பா, இது குடிக்கிற எடமா?" என்றார்.

"இல்லம்மா, சாப்பிடுற எடம்தான்" என்றேன். என் கையில் கிளாஸ். அம்மா கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பில் பிளஸ் பிளஸோடு, அதாவது சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டி வரியும் சேர்த்து, 285 வெள்ளி 36 காசு. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் லகூன் உணவங்காடி நிலையம். அதே கடல், அதே காற்று. நான் ஏமாந்தேனா? இன்னொன்று, வயதானவர்களையும் பிள்ளைகளையும் இந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிப்போவது சரிதானா? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

சாத்தே_20 | சனி, இரவு 11.59

ஏமாந்தீர்கள். அடுத்த கேள்வி?

லகூனில் சாத்தே (குச்சியில் கோர்த்துச் சுட்ட இறைச்சி) இருபது குச்சி, சம்பல் திருக்கை மீன் ஒரு துண்டு, கங்கோங் கீரை ஒரு தட்டு, கோழி இறக்கை, ஆளுக்கு ஒரு கரும்புச்சாறு. ஐந்து பேர் வயிறு முட்டச் சாப்பிட்டாலும் உங்கள் பில்லில் மூன்றில் ஒரு பங்கு வராது. சேவைக் கட்டணம் கிடையாது. ஆண்டுக்கு ஒரு மில்லியன் வெள்ளிக்குமேல் வியாபாரம் செய்தால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், அங்கே பெரும்பாலான கடை அந்தப் பக்கமே போகாது. பலகையில் போட்டிருக்கும் விலைதான் விலை. குடிக்க வேண்டுமென்றால் அங்கேயும் பீர் இருக்கிறது, ஐஸ் வாளியோடு கொண்டுவந்து வைப்பார்கள்.

கடல் காற்றுக்கு பிளஸ் பிளஸ் போடுகிற ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

தோபாயோ_அக்கா | ஞாயிறு, காலை 7.20

சாத்தே தம்பி, நீங்கள் கடைசியாக லகூனுக்குச் சனிக்கிழமை ஏழு மணிக்குப் போனது எப்போது?

நான் போன மாதம் போனேன். முதலில் மேசை வேட்டை. ஒவ்வொரு மேசையிலும் இடம் பிடித்துவைக்க டிஷ்யூ பாக்கெட், குடை, யாரோ ஒருவருடைய ஆபீஸ் அட்டை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று அவர்கள் கடைசி வாயை எப்போது விழுங்குவார்கள் என்று பார்க்க வேண்டும். இடம் பிடித்த பிறகு சாத்தேக்கு முக்கால் மணி நேர வரிசை. புகை தலைமுடியில் ஏறி இரண்டு முறை ஷாம்பு போட்டும் போகவில்லை. ஸ்டூலுக்கு முதுகு கிடையாது. மூட்டு வலிக்கிற அம்மாவை அதில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துப் பாருங்கள். முடிந்ததும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து அது சட்டம். நான் குறையாகச் சொல்லவில்லை, உணவங்காடி எனக்கும் பிடிக்கும். யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது சந்தோஷப்பட்டவள்தான். ஆனால் அது சாப்பிடும் இடம். சாப்பிட்டால் எழுந்து போக வேண்டும், பின்னால் இன்னொருவர் நிற்கிறார்.

ஆண்கள் யோசிக்காத ஒன்றையும் சொல்கிறேன். நாங்கள் நான்கு தோழிகள், எல்லாருக்கும் ஐம்பதைத் தொட்ட வயது. மாதம் ஒருமுறை கடலோரம் இந்த மாதிரி ஓர் இடத்தில் சந்திப்போம். இரண்டு பேர் ஒயின் குடிப்போம், இரண்டு பேர் குடிப்பதில்லை. மூன்று மணி நேரம் பேசுவோம். பீரும் விற்கிற நம் காப்பிக்கடையில் நான்கு தமிழ்ப் பெண்கள் ஒரு போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்து மேசை அங்கிள் கழுத்து எங்கே திரும்பும் என்று உங்களுக்கே தெரியும். நான் பணம் கொடுப்பது அந்தக் கழுத்து திரும்பாமல் இருப்பதற்கு.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 8.05

உணர்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும். பிடோக்_வாசி, வரிக்கு முன்னால் உங்கள் பில் 238 வெள்ளி என்று வைத்துக்கொள்கிறேன், சரியா? அதற்கு 10 விழுக்காடு சேவைக் கட்டணம் 23.80. கூட்டினால் 261.80. அந்த மொத்தத்தின்மீது 9 விழுக்காடு ஜிஎஸ்டி 23.56. ஆக 285.36. கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். பலர் 19 விழுக்காடு என்று மனக்கணக்குப் போடுவார்கள். வரி சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்து என்பதால் 19.9. மெனுவில் 100 என்றால் கையிலிருந்து போவது 119.90.

பீர் எவ்வளவு போட்டார்கள்?

பிடோக்_வாசி | ஞாயிறு, காலை 8.31

238தான் சார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? பீர் ஒரு கிளாஸ் 17, இரண்டு குடித்தேன். சோத்தோங் (கணவாய்) வளையம் பொரித்தது 19, எண்ணிப் பார்த்தேன், பதினொரு வளையம்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 8.50

பின்னோக்கி 1.199ஆல் வகுத்தேன், அவ்வளவுதான்.

17 வெள்ளி கிளாஸ் பிளஸ் பிளஸ் சேர்ந்து 20.38. அதில் அரசாங்கத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். பீருக்கு மதுவரி, அதில் உள்ள சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 60 வெள்ளி. அரை லிட்டர் கிளாஸ், 5 விழுக்காடு என்றால் ஆல்கஹால் 25 மில்லி. வரி 1.50. ஜிஎஸ்டி 1.68. ஆக மூன்று வெள்ளி சொச்சம். காப்பிக்கடையின் 633 மில்லி பெரிய போத்தலுக்கும் இதே விகிதம்தான், மதுவரி மட்டும் சுமார் 1.90. எனவே "இந்த ஊரில் வரியால்தான் விலை" என்கிற சாக்கு பாதிதான் செல்லும். மீதி வாடகையும் மேசையும் கிட்டாரும்.

சாத்தே_20 | ஞாயிறு, காலை 9.02

அந்தக் கிட்டாரை நான் கேட்கவே இல்லை என்றால் கழித்துக்கொள்வார்களா?

தட்டு_தூக்கி | ஞாயிறு, பிற்பகல் 2.40

நான் ஐந்து வருஷம் செந்தோசாவிலும் ஈஸ்ட் கோஸ்ட்டிலும் இந்த மாதிரிக் கடைகளில் தட்டு தூக்கியவன். இப்போது வேறு வேலை, அதனால் பேசலாம்.

முதலில் அந்தச் சேவைக் கட்டணம். அதைத் தட்டு தூக்குகிறவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று இங்கே சட்டம் கிடையாது. சில முதலாளிகள் சம்பளத்தோடு பிரித்துத் தருவார்கள், பலர் தருவதில்லை. நான் வேலை செய்த மூன்று இடத்தில் ஓர் இடத்தில்தான் கிடைத்தது. ஆகவே நன்றாகக் கவனித்த பையனுக்கு ஏதாவது செய்ய நினைத்தால் கையில் கொடுங்கள்.

தண்ணீர் விஷயம் எனக்கும் எரிச்சல்தான். குழாய்த் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது கடையின் விதி. பையன் விரும்பித் தராமல் இருப்பதில்லை. ஒருமுறை ஒரு பாட்டி மாத்திரை போட வெந்நீர் கேட்டார். காப்பி மெஷினிலிருந்து கோப்பையில் பிடித்துக்கொடுத்தேன். மேனேஜர் பார்த்துவிட்டு, "அதை தேநீர் என்று பில்லில் ஏற்று" என்றார். நான் ஏற்றவில்லை. அன்றைக்குத் திட்டு வாங்கினேன்.

ஆனால் விலையைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறக்காதீர்கள். கடலோரக் கடைக்கு வருஷத்தில் நல்ல நாள் குறைவு. நவம்பர், டிசம்பரில் மழை பெய்தால் வெளி மேசை எல்லாம் காலி, நாங்கள் நாற்காலிகளைக் கவிழ்த்துவைத்துவிட்டு நிற்போம். 2024 ஜூன் 14 ஞாபகம் இருக்கிறதா? பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று நின்றுகொண்டிருந்த எண்ணெய்க் கப்பலில் மோதி 400 டன் எண்ணெய் கொட்டியது. செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட் கடலில் யாரும் இறங்க முடியவில்லை. மறுநாள் சனிக்கிழமை. வழக்கமாக எழுபது மேசை சுற்றும் இடத்தில் ஆறு மேசைதான் ஓடியது. பெட்ரோல் பங்க்கில் உட்கார்ந்து பீட்சா சாப்பிடுகிற மாதிரி வாசனை. வாடகை மட்டும் அந்த மாதமும் முழுசாகத்தான் போயிருக்கும்.

இரவு_ஷிப்ட் | ஞாயிறு, மாலை 5.15

எல்லாரும் பில்லைப் பிரித்துப் பார்க்கிறீர்கள். நான் பார்த்தவரை இந்த இழையில் சரியான கேள்வி கேட்டது பிடோக்_வாசியின் அம்மா மட்டும்தான். இது குடிக்கிற இடமா?

குடிக்கிற இடம்தான். ஆனால் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. கடல் பார்க்கிற இடம், ரிலாக்ஸ் பண்ணுகிற இடம், டீம் டின்னர். இதே பீரை நானும் என் நண்பனும் லிட்டில் இந்தியாவில் தேக்கா திடலில் புல்மேல் உட்கார்ந்து குடித்தால் அது குடிக்கிற இடம், நாங்கள் குடிகாரர்கள்.

சட்டத்தைப் பாருங்கள். 2015 ஏப்ரல் 1 முதல் இரவு 10.30க்குப் பிறகு காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, கடைகளில் வாங்கிச் செல்லவும் முடியாது. முதல் தடவை பிடிபட்டால் 1,000 வெள்ளி வரை அபராதம். அதே 10.31க்கு அந்த உணவகத்தின் மரத்தளத்துக்குள் இருப்பவர் அடுத்த டவருக்கு ஆர்டர் கொடுக்கலாம், உரிமம் உள்ள இடம். தளத்துக்கும் மணலுக்கும் இடையே ஒரு கயிறுதான் கட்டியிருக்கும். லிட்டில் இந்தியாவில் இன்னும் கடுமை. சனிக்கிழமை காலை 7லிருந்து திங்கள் காலை 7 வரை பொது இடத்தில் வாயே வைக்க முடியாது. ஊரிலிருந்து வேலைக்கு வந்த எங்களுக்கு லீவு எந்த நாள்? ஞாயிறு.

தோபாயோ_அக்கா | ஞாயிறு, மாலை 6.02

தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டீர்கள். அந்தக் கட்டுப்பாட்டு வட்டாரம் லிட்டில் இந்தியா மட்டுமில்லை, கேலாங்கும்தான். அங்கே குடிக்கிறவர்கள் எல்லாம் தமிழர்களா?

நான் கல்யாணத்துக்கு முன்னால் இருந்தது லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோடு அடுக்குமாடி புளோக்கில். ஞாயிறு சாயங்காலம் என் அம்மா கீழே இறங்க மாட்டார். மின்தூக்கி வாசலில் வாந்தி, படிக்கட்டில் படுத்திருப்பவர்கள், ஒருமுறை எங்கள் மாடியில் வேறொருவர் வீட்டுக் கதவில் ஒன்றுக்கு. அங்கே 2013 டிசம்பர் 8 நடந்த கலவரத்துக்குப் பல வருஷம் முன்னாலிருந்தே குடியிருப்பாளர்கள் புகார் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதையும் தமிழர்கள்தான் கொடுத்தார்கள், என் அப்பா உட்பட. உங்களைக் குடிகாரர் என்று யாரோ வெளியாள் மட்டும் சொல்லவில்லை.

இரவு_ஷிப்ட் | ஞாயிறு, மாலை 6.20

அக்கா, வாந்தி எடுத்தவனுக்காக நான் வெட்கப்படுகிறேன். ஆனால் கலவரம் விபத்தில் ஆரம்பித்தது. பேருந்து மோதி ஒரு தொழிலாளி செத்தான். விசாரணைக் குழு மதுவையும் ஒரு காரணமாகச் சொன்னது, ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்பது வேறு. ஆயிரக்கணக்கானவர்களுக்கு உட்கார நாற்காலியும் கழிப்பறையும் இல்லாத இடத்தில் குடித்தால் படிக்கட்டில்தான் விழுவான். உங்கள் பத்துப் பேர் டவர் மேசைக்காரர்கள் விழுந்தால் தாங்க சோபா இருக்கிறது. டாக்சி கூப்பிட்டுத் தர தட்டு_தூக்கி அண்ணன் இருக்கிறார்.

தட்டு_தூக்கி | ஞாயிறு, மாலை 6.41

கூப்பிட்டிருக்கிறேன். டாக்சியில் வாந்தி எடுத்தால் கழுவும் பணம் தர வேண்டும் என்று சொல்லி ஓட்டுநர்கள் ஏற்றாமல் போனதும் உண்டு. சோபாவில் எடுத்ததை நான்தான் துடைத்தேன். அதனால் இந்த இடத்தில் இரவு_ஷிப்ட் சொல்வது சரி. குடியில் வித்தியாசம் இல்லை, துடைக்க ஆள் இருக்கிறானா இல்லையா என்பதில்தான்.

கத்தோங்_கிழவர் | ஞாயிறு, இரவு 9.10

பிள்ளைகளா, முதலில் ஒரு திருத்தம். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை தெற்கும் தென்கிழக்கும் பார்த்தது. அங்கே சூரியன் கடலில் விழாது, உங்கள் முதுகுக்குப் பின்னால் கட்டடங்களுக்கு அந்தப் பக்கம் போய்விடும். மேகத்தைத் திட்டாதீர்கள். அந்தக் கடலில் அந்த நேரம் பார்க்க வேண்டியது கப்பல்களும், ஒன்றன்பின் ஒன்றாக சாங்கிக்கு இறங்குகிற விமானங்களின் விளக்குகளும்.

அடுத்து, "அதே கடல்" என்கிறீர்களே. அது எந்தக் கடல்? நான் பிறந்தபோது நீங்கள் பீர் குடித்த இடம் தண்ணீர். 1966இல் மண் கொட்ட ஆரம்பித்தார்கள், பிடோக் பக்கத்துக் குன்றுகளை வெட்டி எடுத்த மண். பிடோக்_வாசி, நீங்கள் உட்கார்ந்திருந்தது உங்கள் வட்டாரத்து மலைமேல்தான், படுக்கவைத்த மலை. எங்கள் வீட்டிலிருந்து செண்பக விநாயகர் கோயில் ஒரு பக்கம், கடல் இன்னொரு பக்கம், இரண்டுக்கும் நடந்தே போவோம். இப்போது கடலுக்குப் போக விரைவுச்சாலைக்கு அடியில் நுழைய வேண்டியிருக்கிறது. இனி லாங் ஐலண்டு என்று 800 ஹெக்டர் மேலும் நிரப்பப் போகிறார்கள். அந்த உணவகம் அப்போது ஏரிக்கரை உணவகம் ஆகிவிடும். விலை குறைக்கிறார்களா பார்ப்போம்.

கடலோரம் உட்கார்ந்து சாப்பிடுவது வெள்ளைக்காரப் பழக்கம் என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன். எஸ்பிளனேட் பக்கம் சாத்தே கிளப் இருந்தது, 1995இல் மூடினார்கள். அப்பா சம்பள நாளில் கூட்டிப்போவார். தாழ்ந்த ஸ்டூல், நடுவில் குழம்புக் கிண்ணம், முன்னால் கரி அடுப்பு. தட்டு நிறையக் குச்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார் சாத்தேக்காரர், கடைசியில் காலிக் குச்சியை எண்ணிக் காசு வாங்குவார். என் தம்பி இரண்டு குச்சியைக் காலுக்குக் கீழே போட்டான். எண்ணி முடித்ததும் சாத்தேக்காரர் குனிந்து அந்த இரண்டையும் பொறுக்கித் தட்டில் போட்டுவிட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

மிளகாய் நண்டும் அப்படித்தான். செர் யாம் தியான் என்ற அம்மாள் 1956இல் காலாங் ஆற்றோரம் தள்ளுவண்டியில் விற்க ஆரம்பித்தது. இன்றைக்கு அதே நண்டுக்கு நீங்கள் கிலோ கணக்கில் அழுகிறீர்கள். தண்ணீரோரச் சாப்பாடு எப்போதும் மலிவாகத் தொடங்கும், அப்புறம் மேசைவிரிப்பு வந்துவிடும்.

சாத்தே_20 | ஞாயிறு, இரவு 9.25

தாத்தா என் கட்சியா, அக்கா கட்சியா?

கத்தோங்_கிழவர் | ஞாயிறு, இரவு 9.33

எனக்குப் பீர் பிடிக்கும், பில் பிடிக்காது. எந்தக் கட்சி என்று நீயே வைத்துக்கொள். பிள்ளைகளைக் கூட்டிப்போனதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. 18 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது என்பதுதான் விதி, பக்கத்தில் உட்கார்ந்து பொரித்த உருளைக்கிழங்கு சாப்பிடக் கூடாது என்று இல்லை. என் அப்பா ஒளித்துக் குடித்தார், மாமன் ஒளித்துக் குடித்தான். ஒளித்துக் குடித்தவர்கள்தான் அளவு தெரியாமல் போனார்கள். தகப்பன் இரண்டு கிளாஸோடு நிறுத்துவதைப் பையன் பார்க்கட்டுமே.

தோபாயோ_அக்கா | ஞாயிறு, இரவு 9.50

இதில் எனக்கு ஒப்புதல் இல்லை ஐயா. இரண்டோடு நிறுத்துகிற தகப்பனைப் பார்க்கலாம். பக்கத்து மேசையில் நிறுத்தாத பத்துப் பேரையும் பையன் பார்க்கிறானே. ஏழு மணிக்குள் போய் எட்டு மணிக்குக் கிளம்பிவிட்டால் அது குடும்ப இடம். பாட்டு ஆரம்பித்த பிறகு அது எங்கள் இடம். இதைத்தான் பிடோக்_வாசி தவறவிட்டார். இடம் தப்பில்லை, மணி தப்பு.

வீட்டுக்கு யார் கார் ஓட்டியது? இதை ஏன் இதுவரை யாரும் கேட்கவில்லை?

பிடோக்_வாசி | ஞாயிறு, இரவு 10.04

மனைவிதான் அக்கா. அவள் எலுமிச்சைச் சாறுதான். மூச்சில் ஆல்கஹால் 100 மில்லிக்கு 35 மைக்ரோகிராம் தாண்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தவன்தான், ஒரு கிளாஸுக்கே நான் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்.

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. அம்மா கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவர் ரொம்ப நேரம் கழித்து, "என்னடா கடல் இது, அலையே இல்ல, நம்ம கோயில் கொளம் மாதிரி கெடக்கு" என்றார். அப்புறம் விளக்குப் போட்டு நிற்கிற கப்பல்களை எண்ண ஆரம்பித்து நாற்பத்து மூன்றில் விட்டுவிட்டார். பரிமாறிய பையன் மணப்பாறைக்காரன். அம்மா பேச்சைக் கேட்டுவிட்டு அவனாகவே ஒரு கோப்பை வெந்நீர் கொண்டுவந்து வைத்தான். பில்லில் ஏற்றவில்லை. தட்டு_தூக்கி சொன்னதைப் படித்தபோதுதான் அதன் விலை தெரிகிறது. அவனுக்கு நான் கையில் எதுவும் கொடுக்கவில்லை, 10 விழுக்காட்டில் அவனுக்கும் போகும் என்று நினைத்துவிட்டேன்.

இரவு_ஷிப்ட் | ஞாயிறு, இரவு 11.30

இப்போதுதான் வேலைக்கு வந்தேன். சாயங்காலம் கோபத்தில் எழுதாத ஒன்றை நானும் சொல்லிவிடுகிறேன்.

நான் எலக்ட்ரீஷியன். இந்த மாதிரி ஒரு கடலோரக் கடையின் மரத்தளத்துக்கு அடியில் படுத்து வயர் இழுத்திருக்கிறேன். உப்புக் காற்று சும்மா விடாது. சாதாரண ஸ்குரூ போட்டால் சில மாதத்தில் துரு பிடித்துத் தலை கழன்றுவிடும், எல்லாம் ஸ்டெயின்லெஸ்தான் போட வேண்டும். விளக்குப் பெட்டிக்குள் ஈரம் போகாமல் ரப்பர் வைத்து இறுக்கினாலும் ஒரு வருஷத்தில் நண்டுக்குஞ்சு போகிற மாதிரி எப்படியோ போய்விடும். ஸ்பீக்கர் மாற்றியதை மட்டும் மூன்று தடவை பார்த்தேன். அதனால் அந்த 17 வெள்ளியில் கொஞ்சம் துருவுக்கும் போகிறது, கணக்குப்பிள்ளை சேர்த்துக்கொள்ளட்டும்.

வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து சூபர்வைசர் பிறந்தநாளுக்கு அதே கடைக்குப் போனோம், துவாஸிலிருந்து இரண்டு மணி நேரம். யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்கள். நான்தான் மெனுவில் இடது பக்கத்தைப் படிக்கவே இல்லை, வலது பக்கம் மட்டும் மேலிருந்து கீழே படித்தேன். கடைசியில் நான் இழுத்த லைனில் எரிகிற விளக்குக்குக் கீழே ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்துவிட்டு வந்தேன். 8 வெள்ளி. பிளஸ் பிளஸ்.

தோபாயோ_அக்கா | திங்கள், காலை 7.05

அடுத்த தடவை சொல்லிவிட்டு வாங்க தம்பி. எங்கள் மேசையில் எப்போதும் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். ஆனால் பஃபலோ ரோடு விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இரவு_ஷிப்ட் | திங்கள், காலை 7.40

நானும் மாற்றிக்கொள்ள மாட்டேன் அக்கா. நாற்காலிக்கு நன்றி. ஞாயிறு என்றால் வருகிறேன்.

சாத்தே_20 | திங்கள், காலை 8.15

எல்லாம் சரி. பிடோக்_வாசி, கடை பெயரை இப்போதாவது சொல்லுங்கள். தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது இல்லையா?

பிடோக்_வாசி | திங்கள், காலை 8.52

சொல்லமாட்டேன். ஆபீசுக்கு வந்ததும் மெயில் பார்த்தேன். வெள்ளிக்கிழமை டீம் டின்னர் அங்கேதான். மேலாளர் கணக்கு. மணப்பாறைப் பையனுக்குக் கொடுக்க சில்லறை மாற்றிவைத்திருக்கிறேன்.